எளியோர் கையில் ஒளிப்பெட்டி தந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன்

கோட்டக்குப்பத்துப் பழைய வீடுகளில் இரும்புப் பெட்டியைத் திறந்தால், பத்திரங்களுக்கும் திருமண அழைப்பிதழ்களுக்கும் நடுவே, பழுப்பேறிய உறை ஒன்றில் சில புகைப்படங்கள் இருப்பதுண்டு. கடல் கடந்து பிழைக்கப் போன மகன், அவன் முகம் பாராமலே பிறந்து நடக்கக் கற்ற குழந்தை, வாசற்படியில் வெயிலுக்குக் கண் சுருக்கி நிற்கும் பாட்டி. ஒன்றில் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கும். மற்றொன்றில் எடுத்தவரின் நிழலே காலடியில் விழுந்திருக்கும். அவற்றை எடுத்தவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். ஒளியின் இலக்கணம் அறியாத அண்ணனோ, மாமனோ, பள்ளிக்கூடத்துப் பையனோ எடுத்தவை அவை. ஆயினும் அந்த வீட்டார்க்கு அவற்றைவிட உயர்ந்த ஓவியம் உலகில் இல்லை.

கற்காதவனும் படம் எடுக்கலாம் என்ற நிலையை உலகில் உண்டாக்கிய மனிதர் ஒருவர் உண்டு. அவர் கவிஞர் அல்லர்; ஓவியர் அல்லர்; பெரிய படிப்பு படித்தவரும் அல்லர். வங்கியொன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பது அவர் பெயர்.

இளமையும் வறுமையும்

ஈஸ்ட்மன் 1854ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ராச்செஸ்டர் நகரில் வணிகக் கல்லூரி ஒன்றை நடத்திவந்தார். ஈஸ்ட்மனுக்கு எட்டு வயதாகும் முன்பே, 1862இல், தந்தையார் மறைந்தார். குடும்பம் நிலைகுலைந்தது. தாயார் மரியா கில்போர்ன் தம் வீட்டில் வாடகைக்கு ஆட்களைத் தங்கவைத்து, அவர்களுக்குச் சமைத்துப் போட்டு, மூன்று குழந்தைகளைக் காப்பாற்றினார். மூத்த சகோதரியர் இருவரில் ஒருவர் இளம்பிள்ளை வாதத்தால் கால் முடங்கியவர். அவரும் 1870இல் இறந்தார்.

பதினான்கு வயதுக்குள் பள்ளியை விட்ட சிறுவன் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். வாரக்கூலி மூன்று டாலர். இரவில் கணக்கியல் கற்றான். 1874இல் ராச்செஸ்டர் சேமிப்பு வங்கியில் இளநிலை எழுத்தர் வேலை கிடைத்தது. ஊதியம் வாரத்துக்குப் பதினைந்து டாலராயிற்று. தாயின் உழைப்பைக் குறைக்க வேண்டும் என்பதே அந்நாளில் அவருக்கிருந்த ஒரே இலட்சியம் எனலாம். பின்னாளில் பெருஞ்செல்வம் சேர்ந்தபோதும் அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1907இல் தாயார் மறையும்வரை அவரைத் தம்முடனேயே வைத்துப் போற்றினார்.

ஒரு குதிரைச் சுமை

1877இல் ஈஸ்ட்மனுக்கு இருபத்து மூன்று வயது. விடுமுறையில் கரீபியன் தீவுப் பகுதியிலுள்ள சாண்டோ டொமிங்கோவுக்குச் செல்ல எண்ணினார். உடன் பணியாற்றிய ஒருவர், போகுமிடத்தைப் படம் எடுத்து வரலாமே என்றார். ஈஸ்ட்மன் கருவிகளை வாங்கினார். கற்றுக்கொள்ள ஐந்து டாலர் கட்டணமும் கொடுத்தார்.

அக்காலத்துப் புகைப்படக் கலை எவ்வளவு துன்பம் நிறைந்தது என்பதை இன்று எண்ணிப் பார்ப்பதும் கடினம். காமிராவே ஒரு பெரிய பெட்டி. அதைத் தாங்கக் கனத்த முக்காலி. கண்ணாடித் தகடுகள், இரசாயனப் புட்டிகள், தண்ணீர்ப் பாத்திரம், இவற்றோடு ஓர் இருட்டுக் கூடாரமும் வேண்டும். கூடாரத்துக்குள் சென்று கண்ணாடியின் மீது கொலோடியன் என்னும் பசைக்கரைசலைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலரும் முன்பே படம் எடுத்து, ஈரம் உலரும் முன்பே மீண்டும் கூடாரத்துக்குள் ஓடி அதைக் கழுவ வேண்டும். சிறிது தாமதித்தாலும் உழைப்பெல்லாம் வீண். 1850களில் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் கண்ணாடிக்குப் பதிலாக மெழுகேற்றிய காகித நெகட்டிவையும் கையாண்டார். எனினும் பெரிய காமிரா, முக்காலி, இரசாயனங்கள், உதவியாளர்கள் என்னும் பரிவாரம் அவருக்கும் வேண்டியிருந்தது. படம் எடுப்பது அரசுக்கும் செல்வர்க்கும் உரிய காரியமாகவே இருந்தது.

சாண்டோ டொமிங்கோ பயணம் நடக்கவில்லை. ஆனால் அந்தச் சுமை ஈஸ்ட்மன் மனத்தை விட்டு இறங்கவில்லை. ஒரு காட்சியைப் பிடிக்க ஒரு குதிரைச் சுமை எதற்கு என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது.

அடுப்படி ஆய்வுக்கூடம்

ஜெலட்டின் பூசிய உலர்தகடுகளைப் பற்றி ஆங்கிலேய இதழ்களில் அவர் படித்தார். உலர்தகட்டை முன்னதாகவே செய்துவைத்துக்கொள்ளலாம். எடுத்த பின் வசதிப்படி கழுவலாம். பகலெல்லாம் வங்கியில் வேலை. இரவில் தாயின் சமையலறையில் சோதனை. பல இரவுகள் அடுப்பருகே தரையிலேயே படுத்துறங்கினார். 1879இல் இலண்டன் சென்று தகடுகளுக்குப் பூச்சிடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு ராச்செஸ்டரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியை வாடகைக்கு எடுத்தார். தாயின் வீட்டில் தங்கியிருந்த, குதிரைச் சவுக்கு செய்து விற்ற வணிகர் ஹென்றி ஸ்ட்ராங் பணம் கொடுத்துக் கூட்டாளியானார். 1881 ஜனவரி முதல் நாள் நிறுவனம் உருவாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் ஈஸ்ட்மன் வங்கி வேலையைத் துறந்தார்.

விரைவிலேயே சோதனை வந்தது. விற்ற தகடுகள் ஒளியைப் பிடிக்கும் ஆற்றலை இழந்தன. கடைகளிலிருந்து புகார்கள் குவிந்தன. ஈஸ்ட்மன் கெட்ட தகடுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நட்டத்தைத் தாமே ஏற்றார். குறை ஜெலட்டினில் இருந்தது என்பது பின்னர் தெரிந்தது. ஜெலட்டின் மாட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படுவது. ஒரு ஜெலட்டின் நன்றாக இருப்பதும் மற்றொன்று மங்குவதும் எதனால் என்ற புதிர் அவிழ நாற்பதாண்டுகளுக்கு மேலாயின. 1920களில் அவருடைய ஆய்வுக்கூடத்து அறிஞர் சாமுவேல் ஷெப்பர்டு காரணத்தைக் கண்டார். மாடுகள் மேய்ந்த கடுகினச் செடிகளிலிருந்து ஜெலட்டினில் சேரும் கந்தகச் சத்துத்தான் ஒளியுணர்வைக் கூட்டியது. எங்கோ ஒரு மாடு மேய்ந்த கடுகுச்செடியே எங்கோ ஒரு குழந்தையின் சிரிப்பைப் படத்தில் நிலைநிறுத்தியது என்றால், கற்பனையும் இங்கே தலைதாழ்த்த வேண்டியதுதான்.

பொருளில்லாத ஒரு சொல்

கண்ணாடி கனம், உடையும். அதை விட்டொழிக்க வேண்டும் என்று ஈஸ்ட்மன் முடிவு செய்தார். வில்லியம் வாக்கர் என்பவரோடு சேர்ந்து, 1885 அளவில், காகிதச் சுருளையும் அதைச் சுழற்றும் தாங்கியையும் அமைத்தார். தொழில்முறையாளர்கள் அதை விரும்பவில்லை. கண்ணாடித் தகட்டின் தெளிவு காகிதத்தில் கிடைக்கவில்லை. தோல்வியெனத் தோன்றிய இவ்விடத்தில்தான் அவருடைய பார்வை திரும்பியது. கற்றவர்கள் ஏற்காவிட்டால் கல்லாதவர்களிடம் போகலாமே என்று அவர் எண்ணினார்.

1888இல் கோடாக் என்னும் கைக்காமிரா வெளிவந்தது. அந்தச் சொல்லை அவரே படைத்தார். எந்த மொழியிலும் அதற்குப் பொருளில்லை. சுருக்கமாக, அழுத்தமாக, எவரும் பிழையாக எழுத முடியாததாக ஒரு பெயர் வேண்டும் என்று நினைத்தார். ககர ஒலியில் அவருக்குத் தனி விருப்பம். தாயாரின் பிறந்தகப் பெயரும் அவ்வொலியில்தான் தொடங்குகிறது. வாழ்நாளில் இலக்கியம் என்று எதையும் எழுதாத அம்மனிதர் படைத்த அந்த ஒரு சொல், தமிழ்நாட்டுக் குக்கிராமத்து ஸ்டூடியோப் பலகை வரை வந்து சேர்ந்தது.

காமிராவின் விலை இருபத்தைந்து டாலர். உள்ளே நூறு படங்களுக்கான சுருள் இருக்கும். கயிற்றை இழுத்து, சாவியைத் திருகி, பொத்தானை அமுக்க வேண்டும். வேறு வேலை இல்லை. நூறும் முடிந்ததும் காமிராவையே பத்து டாலருடன் ராச்செஸ்டருக்கு அனுப்பினால், வட்டவடிவப் படங்களும் புதிய சுருள் இட்ட காமிராவும் திரும்பி வரும். பொத்தானை அழுத்துவது மட்டுமே வாங்கியவர் பாடு, எஞ்சியவை நிறுவனத்தின் பாடு என்பதே அவருடைய விளம்பரத்தின் சாரம். கலையையும் கைத்தொழிலையும் இரண்டாகப் பிரித்து, கண்ணுக்குரியதை மக்களிடமும் கைக்குரியதைத் தொழிற்சாலையிடமும் ஒப்படைத்தது அந்த ஏற்பாடு.

ஒரு டாலர்க் காமிரா

இருபத்தைந்து டாலரும் எளியோர்க்கு எட்டாத விலையே. 1900ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரௌனி என்னும் காமிரா வந்தது. ஃபிராங்க் பிரௌனெல் வடிவமைத்தது. பால்மர் காக்ஸ் வரைந்த குட்டிச்சாத்தான் சித்திரக் கதைகளின் பெயரைச் சூடியது. சிறுவர் சிறுமியரை எண்ணியே விற்கப்பட்டது. விலை ஒரு டாலர். ஆறு படங்களுக்கான சுருள் பதினைந்து சென்ட். வாரம் மூன்று டாலருக்கு எடுபிடி வேலை பார்த்த பழைய ஜார்ஜ், ஒரு வாரக் கூலியில் மூன்று பிரௌனிகளை வாங்கியிருக்கலாம். முதல் ஆண்டிலேயே ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவை விற்பனைக்குச் சென்றன.

அந்தப் பெட்டியின் உள்ளே இருந்தது என்ன? அட்டையால் ஆன உடல். ஒற்றைக் கண்ணாடி வில்லை. ஒரே வேகத்தில் திறந்து மூடும் கதவு. வில்லையின் துளை சிறியது. ஆகவே சில அடிகளுக்கு அப்பாலுள்ளவை யாவும் ஓரளவு தெளிவாகவே விழும். தூரம் பார்த்துத் திருக வேண்டியதில்லை. துளை சிறியது என்பதால் ஒளி மிகுதியாக வேண்டும். எனவேதான் வெயிலில் நிற்க வைத்து, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும் என்ற விதி பிறந்தது. குடும்பப் படங்களில் எல்லாரும் கண் கூசி நிற்பதன் காரணமும் இதுவே. மிக அருகில் சென்றால் முகம் மங்கும். மாலை மயங்கினால் படம் விழாது. இவ்விரண்டையும் நினைவில் வைத்தால் போதும், எவரும் எடுக்கலாம். இந்தியாவில் பின்னாளில் பரவலாகப் புழங்கிய ஆக்ஃபா கிளிக் 3 காமிராவும், 1990களில் திருமண வீடுகளிலும் சுற்றுலாக்களிலும் பளிச்சிட்ட கோடாக் கேபி 10 காமிராவும் இந்தப் பிரௌனியின் வழித்தோன்றல்களே. உதகமண்டலத்தில் 1960இல் தோன்றி 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம், நிலவைக் குறிக்கும் இந்து என்ற பெயரில் சுருள்களைத் தந்ததும், பின்னர் நலிந்து மூடப்பட்டதும் அதே வரலாற்றின் தமிழ்நாட்டுப் பக்கங்கள்.

இதே காலத்தில் தமிழுக்கு நேர்ந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1908 முதல் 1918 வரை பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்தார். அக்காலத்தில் உலகெங்கும் சிறுவர்கள் கையில் ஒரு டாலர்க் காமிரா இருந்தது. ஆயினும் பாரதியாரின் படங்களாக எஞ்சியவற்றை ஒரு கைவிரல்களிலேயே எண்ணிவிடலாம். அவர் நடந்த கடற்கரையில், அவர் பேசிய திண்ணையில், எளிய பெட்டியோடு ஒரு பையன் நின்றிருந்தால் தமிழர்க்குக் கிடைத்திருக்கும் செல்வம் எத்தகையது! காமிரா உலகில் இருப்பது வேறு, அது எளியவன் கைக்கு வந்து சேர்வது வேறு.

நிழல்கள்

ஈஸ்ட்மனின் வாழ்வு குறையற்றதென்று சொல்வது உண்மையாகாது. ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு சுருளை 1889இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவருடைய வேதியியலாளர் ஹென்றி ரைக்கன்பாக் அதை உருவாக்கினார். எடிசனின் சலனப்படமும் உலகச் சினிமாவும் அச்சுருளின் மேல்தான் எழுந்தன. ஆனால் நியூவார்க் நகரத்துக் கிறித்தவப் போதகர் ஹானிபல் குட்வின் அத்தகைய சுருளுக்கு 1887இலேயே காப்புரிமை கேட்டிருந்தார். பதினோராண்டு காத்திருப்புக்குப் பின் 1898இல் உரிமை கிடைத்தது. 1900இல் அவர் மறைந்தார். அவருடைய உரிமையைப் பெற்றவர்கள் தொடுத்த வழக்கு 1914இல் ஐம்பது லட்சம் டாலர் ஈட்டுத்தொகையோடு முடிந்தது. அப்பணத்தைக் காண முதியவர் உயிரோடு இல்லை.

போட்டி நிறுவனங்களை விலைக்கு வாங்கி, சந்தையைத் தம் ஒரு கைக்குள் வைத்திருந்தார் என்று அமெரிக்க நீதிமன்றம் 1915இல் தீர்ப்பளித்தது. கறுப்பின மாணவர்களுக்கான டஸ்கீகி, ஹாம்ப்டன் கல்வி நிலையங்களுக்கு அவர் வாரி வழங்கினார். அதே வேளையில் அவருடைய ஆலைகளில் அம்மக்களுக்கு வேலை கிடைப்பது அரிதாக இருந்தது. கொடையின் ஒளியும் வழக்கத்தின் இருளும் ஒரே மனிதரிடம் இருந்ததை மறைப்பதற்கில்லை.

காமிரா எளிதானதால் வந்த இன்னொரு தொல்லையும் உண்டு. கேட்காமலே பிறரைப் படமெடுக்கும் வழக்கம் பரவியது. 1890இல் வாரன், பிராண்டைஸ் என்னும் இரு சட்ட அறிஞர்கள், தனிமனிதரின் அந்தரங்கத்துக்கு உரிமை உண்டு என்று வாதிட்டுப் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினர். அதற்குத் தூண்டுதலானவற்றுள் நொடிப்பொழுதில் எடுக்கும் புகைப்படமும் ஒன்று. எல்லார் கையிலும் காமிரா இருக்கும் இந்நாளிலும் அந்த வாதம் ஓயவில்லை.

கொடையும் முடிவும்

தொழிலாளருக்கு ஊதியத்தோடு இலாபத்திலும் பங்கு தரும் முறையை 1912இல் அவர் தொடங்கினார். 1919இல் தம் பங்குகளில் மூன்றில் ஒரு பகுதியைத் தொழிலாளருக்கு அளித்தார். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஸ்மித் என்ற புனைபெயரில் பெருந்தொகை தந்தார். கொடுத்தவர் யாரென்பது 1920இல்தான் வெளிப்பட்டது. ராச்செஸ்டரில் இசைப்பள்ளி எழுப்பினார். இலண்டன், பாரிஸ், ரோம் முதலிய நகரங்களில் ஏழைக் குழந்தைகளுக்குப் பல் மருத்துவ நிலையங்கள் தோன்ற உதவினார். வாழ்நாளில் அவர் வழங்கியது பத்துக் கோடி டாலருக்கு மேல்.

உலகத்தார் முகங்களையெல்லாம் படமாக்க வழிசெய்தவர் தம் முகத்தைக் காட்ட விரும்பாதவர். தம் ஊர்த் தெருவிலேயே பலரால் அடையாளம் காணப்படாமல் நடந்து சென்றார். காலை உணவின்போது வீட்டில் ஆர்கன் இசை கேட்பது அவர் வழக்கம். ஐம்பது அறைகள் கொண்ட அந்த மாளிகையில் தாய்க்குப் பின் அவருக்கென்று உறவாக இருந்தவர் சிலரே.

முதுமையில் முதுகுத்தண்டு நோய் அவரை வருத்தியது. நடப்பதும் நிற்பதும் துன்பமாயின. தாயார் இறுதி நாள்களைச் சக்கர நாற்காலியில் கழித்ததைக் கண்டவர் அவர். 1932 மார்ச் 14ஆம் நாள், எழுபத்தேழாம் வயதில், தம் வேலை முடிந்துவிட்டது என்ற கருத்தில் நண்பர்களுக்குச் சிறு குறிப்பு ஒன்றை எழுதிவைத்துவிட்டு, தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வேலை முடியவில்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அருகில் ஒருவர் இருந்திருக்கலாகாதா என்று நெஞ்சம் வருந்துகிறது. அவருடைய அஸ்தி கோடாக் ஆலை வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மாளிகை பின்னர் புகைப்படக் கலைக்குரிய அருங்காட்சியகமாயிற்று.

பெட்டியும் எழுத்தும்

அவர் விதைத்தது எங்கெங்கோ முளைத்தது. பிரான்சு நாட்டில் ஒரு சிறுவன் பிரௌனிப் பெட்டியால் விடுமுறைப் படங்கள் எடுத்துப் பழகினான். அவன்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன். 1948 ஜனவரியில் காந்தியடிகளின் இறுதி நாள்களைப் படமெடுத்தவர் அவர். 1950 ஏப்ரலில் அவர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்து, பல்லாண்டுகளாகப் படமெடுக்க இசையாதிருந்த ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார். கோட்டக்குப்பத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்த அந்நிகழ்ச்சியின் வேர் ஓர் அட்டைப் பெட்டியில் இருந்தது.

சுருள் இல்லாத காமிராவை 1975இல் முதன்முதல் உருவாக்கியதும் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாஸன்தான். அக்கண்டுபிடிப்பின் வழியே மாறிய உலகில் அந்நிறுவனம் தடுமாறி, 2012 ஜனவரியில் நொடிப்பு அறிவித்தது. பின்னர்ச் சுருங்கிய வடிவில் மீண்டது. முப்பத்தாறு படங்களையும் எண்ணி எண்ணி எடுத்து, கழுவி வரும்வரை காத்திருந்த காலம் மறைந்தது.

ஈஸ்ட்மன் வரலாற்றில் இலக்கிய அன்பர்கள் மறவாதிருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1914இல் அவருடைய நிறுவனம் புதுவகைக் காமிரா ஒன்றை வெளியிட்டது. அதை அமைத்த ஹென்றி கைஸ்மன் என்பவரிடமிருந்து அவ்வுரிமையை மூன்று லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார்கள். அதன் முதுகில் ஒரு சிறு கதவு இருந்தது. படம் எடுத்தவுடன் அதைத் திறந்து, கூரிய எழுத்தாணியால் பெயரையும் நாளையும் எழுதலாம். அவ்வெழுத்துச் சுருளிலேயே ஒளியால் பதிந்துவிடும். ஒளியோடு எழுத்தும் சேர்ந்த காமிரா அது. பொத்தானை அழுத்தியவர்களில் எழுத்தாணியை எடுத்தவர் சிலரே போலும். நாளடைவில் அது வழக்கொழிந்தது.

இரும்புப் பெட்டியிலுள்ள அந்தப் பழுப்பு உறையைப் பிரித்தால் இன்று பல படங்களில் இருப்பவர் யாரென்று சொல்ல ஆளில்லை. பாட்டி இருந்தவரை ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் இருந்தது. அவர் போனபின் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. ஒளியைப் பிடிக்கும் வேலையை எளிதாக்க ஈஸ்ட்மன் ஒரு வாழ்நாளைச் செலவிட்டார். படத்தின் பின்புறத்தைத் திருப்பி, இவர் இன்னார், இன்ன ஊர், இன்ன நாள் என்று எழுதிவைக்கும் வேலை எஞ்சி நிற்கிறது. எழுத்தாணி கவிஞர்கள் கையில் அல்லவா இருக்கிறது!